கார் லைசென்ஸ் இருக்கிறது, பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் இடம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இருசக்கர வாகன லைசென்ஸ் எடுத்தவள் நான். கார் லைசென்ஸ் பல வருடங்களாக இருக்கிறது, திருச்சியிலிருந்து சென்னை வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறேன், ஆனால் அதுவரை பைக்கையோ ஸ்கூட்டியையோ தொட்டதே இல்லை. என் மாதிரி ஆட்கள் குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமம் எடுத்த செய்தியை அலுவலகத்தில் சொன்னதும் ஒவ்வொருவராக வந்து ரகசியம் சொல்வதுபோலச் சொல்கிறார்கள், எனக்கும் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசைதான், எங்கே போய்க் கற்றுக்கொள்வது? அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

யார் இவர்கள் என்றால், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதற்காக நேராகக் காரில் தொடங்கிய பெண்கள், சொந்தத்தில் யாரோ பைக் விபத்தில் இறந்ததால் வீட்டில் பைக்கே கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆண்கள், வெளிநாட்டில் கார் மட்டும் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள். இப்போது எங்கள் ஊர் சின்னக்கடை வீதிக்கோ என்எஸ்பி ரோட்டுக்கோ கார் எடுத்துக்கொண்டு போனால் வாங்கப்போகும் பொருளைவிட நிறுத்த இடம் தேடுவதுதான் பெரிய வேலை. ஸ்ரீரங்கத்தில் வீதிகளுக்குள் அதைவிட மோசம். பெட்ரோல் விலை வேறு. ஆகவே காரை வாசலில் விட்டுவிட்டு வீட்டில் நிற்கும் கணவருடைய, தம்பியுடைய, மகனுடைய வண்டியை எடுக்கலாம் என்று தோன்றுவது நியாயமான ஆசை.

இங்கேதான் பலர் ஒரு தப்பான நம்பிக்கையில் இருக்கிறார்கள். கார் லைசென்ஸ் பெரிய லைசென்ஸ், அதற்குள் பைக்கும் அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அடங்காது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 10-வது பிரிவு கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள், கார் அடங்கும் இலகு ரக வாகனம் என்று தனித்தனி வகையாகத்தான் பிரித்திருக்கிறது. லைசென்ஸில் அந்த வகை இல்லாமல் ஓட்டினால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது, வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக அபராதம் உண்டு. அபராதத்தைக்கூட விடுங்கள், கட்டிவிட்டுப் போகலாம். நான் பயப்படுவது இன்சூரன்ஸுக்கு. 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது, ஸ்கூட்டர் ஓட்டியவரிடம் கனரக வாகன லைசென்ஸ் இருந்தது, ஸ்கூட்டருக்கு இல்லை, விபத்தில் ஒருவர் இறந்துவிட்டார். லாரியே ஓட்டத் தகுதியானவர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்திடம் அப்படி லட்சக்கணக்கில் கேட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். வண்டி வாங்கும்போது கட்டாயமாக எடுக்கிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதற்கும் வண்டியின் சொந்தக்காரரிடம் அந்த வண்டிக்குரிய செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பக்கத்துக் கடைக்குத்தானே என்று மகனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு போகிற அப்பாக்களும், தெருமுனை வரைக்கும்தானே என்று மகளின் ஸ்கூட்டியை எடுக்கிற அம்மாக்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

சரி, முறையாகவே எடுப்போம் என்று இறங்கினால் காகித வேலை ஒன்றும் பயப்படும்படி இல்லை. மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் கூடுதல் வகை சேர்ப்பதற்கு விண்ணப்பிக்கலாம். 40 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது ஒரு லைசென்ஸ் நடப்பில் இருந்தால் எல்எல்ஆருக்கான கேள்வித் தேர்வு கிடையாது, விதியே அப்படி. எல்எல்ஆர் வந்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும், எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். 2016 டிசம்பரில் மத்திய அரசு நிர்ணயித்த கட்டணப்படி எல்எல்ஆர் ஒரு வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 300, கூடுதல் வகை சேர்க்க 500, அப்புறம் சின்னச் சின்ன சேவைக் கட்டணங்கள். இதற்கு நடுவில் ஒரு இடைத்தரகரைத் தேடி இதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, நானே விண்ணப்பித்தேன், என் வேலை நடந்தது. கியர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கொஞ்சம் சிரமப்பட்டாலும் கியர் உள்ளதற்கே எடுங்கள், அதை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரும் ஓட்டலாம், கியர் இல்லாததற்கு எடுத்தால் வீட்டில் நிற்கும் ஸ்ப்ளெண்டரைத் தொட முடியாது.

பிரச்சினை எல்எல்ஆருக்கும் தேர்வுக்கும் நடுவிலிருக்கும் அந்த 30 நாளில் இருக்கிறது. அந்த நாட்களில் ஒருவர் கற்றுக்கொள்வார் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். யாரிடம், எங்கே? நான் கேட்டுப் பார்த்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். கார் என்றால் சொல்லித்தருகிறோம், டூவீலர் என்றால் வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்துவிடுங்கள், தேர்வு அன்றைக்கு எட்டு போட வண்டி நாங்கள் தருகிறோம். அவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. காரில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிக்கலாம், பைக்கில் அப்படி முடியாது, கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பயிற்சிப் பள்ளிகளுக்கு, சொந்த உபயோக வாகனம் என்றால் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது வண்டியை ஓட்ட வைக்க வேண்டும் என்று இருக்கிறது. பைக்கும் சொந்த உபயோக வாகனம்தானே. பைக் கற்க வருபவருக்கு அந்தப் பத்து மணி நேரத்தை எங்கேயாவது யாராவது கொடுக்கிறார்களா என்று போக்குவரத்துத் துறை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

கடைசியில் என் தம்பிதான் சொல்லிக்கொடுத்தான், ஒரு காலி மைதானத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில். தம்பியோ அண்ணனோ கணவரோ பொறுமையாக அமையாதவர்கள் என்ன செய்வார்கள்? பதினைந்து பதினாறு வயதில் நண்பனின் வண்டியில் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொள்வதுதான் நம் ஊரில் எழுதப்படாத பயிற்சிமுறையாக இருக்கிறது, அந்த வயதில் கற்காமல் விட்டவருக்கு அப்புறம் கதவே இல்லை. அந்தப் பையன்கள் சரியாகத்தான் கற்றார்களா என்பதும் எனக்குப் பெரிய சந்தேகம், ஏனென்றால் நான் கேட்ட பல அடிப்படைக் கேள்விகளுக்கு இருபது வருடமாக ஓட்டுபவர்களிடமே பதில் இல்லை.

உதாரணமாக முன் பிரேக். கியர் பைக்கில் வலது கையில் முன் பிரேக், வலது காலில் பின் பிரேக். முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுவிடும் என்றுதான் எனக்கு எல்லோரும் சொன்னார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடையும் நம் எடையும் முன்னால் சாய்கிறது, முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது, ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். வெறும் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும், ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போக வேண்டும், வண்டி நேராக இருக்கும்போது பிடிக்க வேண்டும், மணலிலும் ஈரத்திலும் இன்னும் மென்மையாகப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், அதற்குக் கீழே இருப்பவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொன்றும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று அரசே அப்போது விதித்தது என்றால் பிரேக் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம். வண்டிக்குச் சட்டம் போட்டவர்கள் அதை ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் யார் சொல்லிக்கொடுப்பது என்று யோசிக்கவில்லை.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இன்னும் குழப்பம். காரில் பிரேக் என்றால் கால், கிளட்ச் என்றால் இடது கால், கியர் என்றால் இடது கை. பைக்கில் கிளட்ச் இடது கைக்கு வந்துவிடுகிறது, கியர் இடது காலுக்குப் போய்விடுகிறது. பதற்றத்தில் கால்தான் பிரேக்கைத் தேடும், கை சும்மா இருக்கும். அதுவும் கியர் போடும் முறை எல்லா வண்டியிலும் ஒன்றல்ல, ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரும் கீழே அழுத்திப் போடுவது, பல்சரில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றில் ஏறினால் கியரைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்துவிடுவோம். இதற்கெல்லாம் சாலை அறிவு உதவாது, உடம்பு பழக வேண்டும், உடம்பு பழக இடமும் நேரமும் விழுந்தால் அடிபடாத தரையும் வேண்டும். அதே சமயம் கார் ஓட்டியவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. லாரிக்கும் பேருந்துக்கும் இடது பக்கமாகப் புகுந்தால் அந்த ஓட்டுநருக்கு நம்மைத் தெரியாது என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், நாங்களே கண்ணாடியில் அப்படித் தெரியாமல்போன பைக்குகளைப் பார்த்து நெஞ்சு பதறியவர்கள்.

அப்புறம் தேர்வு. எட்டு போடுவது. காலை ஊன்றாமல் மெதுவாக எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும், கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு, முன் சக்கரத்தைப் பார்க்காமல் போகவேண்டிய திசையைப் பார்த்து. கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்யமாட்டேன், குறைந்த வேகத்தில் பேலன்ஸும் கிளட்சும் கைவசம் இருக்கிறதா என்று பார்க்க எட்டு நல்ல தேர்வுதான், கடைத்தெரு நெரிசலில் அது தினமும் உதவுகிறது. என் வருத்தம் அதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது. நான் தேர்வெழுதிய இடத்தில் யாரையும் சட்டென்று பிரேக் பிடித்துக் காட்டச் சொல்லவில்லை, இரண்டாவது கியருக்கு மேல் போகவே இடமில்லை, சாலையில் ஓட்டச் சொல்லவில்லை, திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறோமா என்று யாரும் கவனிக்கவில்லை. மனிதர்கள் சாவது எட்டு போடும் வேகத்தில் இல்லையே. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது, அதில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டில் மாநிலங்களில் அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான், 64,105. சாவு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம், 17,884 பேர். இந்த எண்களுக்குக் காரணம் வெறும் பயிற்சியின்மை என்று நான் சொல்லவில்லை, சாலை இருக்கிறது, குடி இருக்கிறது, ஹெல்மெட் போடாதது இருக்கிறது. ஆனால் இவ்வளவு பேரை இழந்துகொண்டே, பைக் என்பது தானாகக் கற்றுக்கொள்ளும் விஷயம் என்று ஒரு மாநிலம் உட்கார்ந்திருக்க முடியாது.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பல வருடங்களாக, கையில் கியர் போடும் பழைய எம்80 வண்டியில் எட்டு போட்டுக் கியர் பைக் லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024-ல் அதை நிறுத்தி, காலால் கியர் போடும், 95 சிசிக்குக் குறையாத வண்டியில்தான் தேர்வு என்று மாற்றினார்கள். அதே ஆண்டில் அவர்களுடைய அரசுப் போக்குவரத்துக் கழகமே ஓட்டுநர் பள்ளி தொடங்கியது, இருசக்கர வண்டி கற்க 3,500 ரூபாய் என்று கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்தது. நம்மிடம் என்ன குறை? நம் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. பேருந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த அரசுக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெரியாதா. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில் 200 சிசி வரை ஒரு வகுப்பு, 400 சிசி வரை அடுத்த வகுப்பு, அதற்கு மேல் இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓராண்டாவது ஓட்டியிருக்க வேண்டும். அங்கேயும் எட்டு உண்டு, அதோடு குறுகலான பலகை மேல் ஓட்டுவது, சட்டென்று பிரேக் பிடிப்பது எல்லாம் உண்டு, அது முடிந்து சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவு கடுமை இங்கே உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. அவசர பிரேக் ஒன்றை மட்டுமாவது தேர்வில் சேர்க்கலாம், அதற்கு ஒரு கோடும் இரண்டு கூம்பும் போதும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது, பாதி விலை அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தபோது, எல்எல்ஆர் எடுக்க ஆர்டிஓ அலுவலகங்களில் பெண்கள் கூட்டம் அலைமோதியது உங்கள் பத்திரிகை வாசகர்களுக்கு நினைவிருக்கும். வண்டி வாங்கப் பணம் கொடுத்த அரசு, அன்றைக்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்து நாள் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வண்டி வாங்கிவிட்டு ஓட்டப் பயந்து மகனிடம் கொடுத்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை தைரியம் சொல்பவர் அல்ல, கற்றுக்கொடுப்பவர். முடிந்தால் பெண் பயிற்சியாளர், ஏனென்றால் பின்னால் உட்கார்ந்துகொண்டு கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது. சேலையையும் துப்பட்டாவையும் எப்படிச் செருகிக்கொள்வது என்பதையும் பின் சக்கரத்துக்கு மேல் சேலைத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது என்பதையும் சொல்ல ஆள் வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டமே இல்லை. ஆர்டிஓ அலுவலகங்களின் தேர்வுத் திடல்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. எட்டு ஏற்கெனவே அங்கே வரைந்திருக்கிறது. காலையில் மூன்று மணி நேரம் அதைத் திறந்துவிட்டு, ஒரு பயிற்சியாளரையும் இரண்டு பழைய வண்டிகளையும் நிறுத்தி, எல்எல்ஆர் வைத்திருப்பவர்களிடம் நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கலாம். ஹெல்மெட் இல்லாதவர்களுக்கு அங்கேயே ஐஎஸ்ஐ முத்திரை என்றால் என்ன, தாடைப் பட்டையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காட்டலாம். எல்எல்ஆருக்குக் கேள்வித் தேர்வு விலக்கு பெறுகிற என் போன்ற கார் ஓட்டுநர்களை, அந்த விலக்குக்குப் பதிலாக, ஒரு காலை அங்கே வந்து உட்காரச் சொல்லலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். பயிற்சிப் பள்ளிகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது இருசக்கரப் பயிற்சி நடக்கிறதா என்ற கணக்கையும் கேட்கலாம்.

கார் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பைக் கற்ற பிறகு நான் கார் ஓட்டும் விதமே மாறியிருக்கிறது. இப்போது காரை நிறுத்தியதும் கதவைத் திறக்கும் முன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், மழையில் பைக்கைக் கடக்கும்போது தண்ணீர் தெறிக்காத தூரம் விடுகிறேன், வளைவில் கிடக்கும் கொஞ்சம் மணல் அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்ததால் பின்னால் ஹாரன் அடித்து அவசரப்படுத்துவதில்லை. எல் போர்டு மாட்டிக்கொண்டு ஒரு நடுத்தர வயதுக்காரர் தடுமாறிப் போனால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள்.

திருச்சியில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை அதிகாரிகள் தொடங்கினால், புதிதாக வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பவும், அவர்கள் கிளட்ச் விட்டுப் பழகும்போது கூடவே ஓடவும் நான் சம்பளம் இல்லாமல் வரத் தயார். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்கும் அதிகாரிகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி